வெள்ளிக்கிழமை பார்த்த மைதானம்

செம்மொழியை யாரும் ஏமாற்ற முடியாது என்று குடவாசல் பக்கத்து விவசாயிகள் பலர் சத்தியமே செய்வார்கள். அப்படிச் சத்தியம் செய்பவர்களில் பாதிப் பேர் ஒருமுறையாவது முயன்று பார்த்துத் தோற்றவர்கள்.

நெல் கொள்முதல் நிலையத்தில் அவள் பட்டியல் எழுத்தர். ஈரம் பார்ப்பது, தரம் பார்ப்பது, பட்டியல் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பேனாவை மறந்து வந்தாலும் வருவாள், குத்தூசியை மறக்கமாட்டாள். ஒரு முனை கூரான இரும்புக் குழாய் அது. சாக்கில் செருகி இழுத்தால் மூட்டையின் நடுவயிற்றில் இருக்கிற நெல் உள்ளங்கையில் வந்து விழும். காய்ந்த நெல்லை முன்வரிசையில் அடுக்கி, ஈர நெல்லைப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? அவள் முன்வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். "இது பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்டுற நெல்லு. வீட்டுக்குள்ள இருக்கிறதைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விடுவாள். அங்கே ஒன்றில் குத்துவாள், நடுவில் ஒன்றில் குத்துவாள், அடியில் ஒன்றில் குத்துவாள்.

இந்தப் புத்தி அவளுக்குச் சும்மா வரவில்லை. அப்பா சாமிதுரை அடுத்தவர் களத்தில் மூட்டை தூக்கியே மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். அதற்குப் பிறகு, பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்து நர்சிங் பயிற்சியில் சேர்த்துவிட்டார். வெள்ளை உடுப்பு, மாட்டிக்கொள்ள அட்டை எல்லாம் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் அந்த இடத்துக்கு அங்கீகாரமே கிடையாது என்று தெரிந்தது. போன வருஷம் போனதுதான். அப்புறம் கல்லூரி, பரீட்சை, வேலை என்று முட்டி மோதி மேலே வந்துவிட்டாள். ஆனால் நோட்டீஸ் என்றாலே அவளுக்கு இன்றைக்கும் உடம்பு எரியும்.

அப்பேர்ப்பட்டவள் மகளுக்குக் கோடை முகாம் தேடக் கிளம்பியதைத்தான் சொல்ல வருகிறேன்.

மகள் சுடர்விழி எட்டாவது முடித்தவள். வயதுக்கு மீறின உயரம், நீளமான கை. பள்ளிக் கால்பந்து அணியில் கோலி, கோல் காக்கிறவள். பழைய கையுறையைப் போட்டுக்கொண்டே சில நாள் தூங்கிவிடுவாள். அத்தனை ஆசை. பொங்கல் விளையாட்டில் ஒரு பந்து மூக்கில் அடித்து ரத்தம் கொட்டியது. அன்றைக்குப் பிடித்தது சனி. அதற்குப் பிறகு பந்து நெருங்கி வந்தாலே கண் தானாக மூடிக்கொள்ளும். பிப்ரவரியில் நடந்த மேட்ச்சில் மூன்று கோல் அப்படிப் போனது. செம்மொழி ஓரத்தில் நின்று மூன்றையும் பார்த்தாள்.

உடற்பயிற்சி ஆசிரியர் பரிதி ஒளிவு மறைவு இல்லாத மனிதர். "ஸ்கூல் திறந்த மறுநாள் செலக்‌ஷன் வைக்கிறேம்மா. கண்ணைத் திறந்து நின்னா சுடர்விழிதான் கோலி. இல்லன்னா வேற பிள்ளையைத்தான் போடணும், வேற வழியில்ல. நான் வாலிபால் ஆளு, கோலிக்குச் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியாது. இந்த லீவுல நல்ல கேம்ப்பாப் பாத்து விடுங்க" என்றார்.

இருந்தது ஒரு லீவு. தப்பான இடத்தில் விட்டால் அதுவும் அந்த நர்சிங் வருஷம் மாதிரிதான் போகும். செம்மொழிக்கு இது புரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அவள் கணவன் நெடுஞ்செழியன் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். அறுப்பு எங்கே போகிறதோ அவனும் அங்கே போவான். அப்போது தெலங்கானாவில் இருந்தான். போனில் கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், நீ குத்திப் பாக்காமயா விடப்போற?" என்று சிரித்தான்.

குத்தத்தான் செய்தாள். விசாரித்ததில் மூன்று முகாம் தேறியது. மூன்றுக்கும் போன் போட்டு மூன்றே கேள்வி கேட்டாள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பந்து? கோலிக்குத் தனியாக யார்? பெண்பிள்ளைகளுக்குப் பாத்ரூம் எங்கே, தாழ்ப்பாள் இருக்கிறதா? கும்பகோணத்துக்காரர் மூன்றாவது கேள்விக்கு, "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்" என்றார். அட்ஜஸ்டா? அந்த நிமிஷமே அவர் பெயரை அடித்துவிட்டாள்.

மிச்சம் இரண்டு. ஒன்று தஞ்சாவூரில், தங்கக்கால் கால்பந்து அகாடமி. செயற்கைப் புல், ஜெர்சி, சான்றிதழ், எல்லாம் உண்டு. வகுப்புத் தோழி மாதங்கி அங்கேதான் சேர்ந்திருந்தாள், அதனால் சுடர்விழிக்கும் அதன் மேல்தான் ஆசை. இன்னொன்று கூத்தாநல்லூரில். ஹஃப்ஸா என்று ஒரு பெண், யுனிவர்சிட்டி அணியில் கோலியாக ஆடினவளாம், தன் ஊர் மைதானத்தில் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாளாம். நோட்டீஸ் கிடையாது. அதனாலேயே செம்மொழிக்கு அது பிடித்திருந்தது.

முதலில் கூத்தாநல்லூர் என்று முடிவு செய்தாள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க வேண்டும். எந்த நாள்? பகுத்தறிவு பேசிய சாமிதுரை பெற்ற மகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாள் பார்க்கிற விஷயத்தில் அவள் அம்மா பக்கம். நல்ல காரியம் என்றால் வெள்ளிக்கிழமை. காலையில் தலைக்குக் குளித்து, மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றிவிட்டு, ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

எட்டரை மணிக்கு மைதானத்தின் வேலிப்படலருகே போய் நின்றாள். ஆறரையிலிருந்து பத்து மணி வரை பயிற்சி என்று போனில் சொல்லியிருந்தார்கள். அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள் புளியமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தார்கள். மணல்மேட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். ஒருத்தி டென்னிஸ் பந்தை எறிவாள், இன்னொருத்தி "மூணு!" "எட்டு!" என்று கத்திக்கொண்டு பாய்வாள். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். தாயக்கட்டம் ஆடுகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

"டீச்சர் எங்கம்மா?"

"ஹஃப்ஸா மேம் வீட்டுக்குப் போயிட்டாங்களே."

செம்மொழி மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டரைக்கே வாத்தியார் வீட்டில்! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பதர், சுத்தப் பதர் என்று மனசுக்குள் பட்டியல் போட்டு, ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர். அங்கே அவளுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்பது பிள்ளைக்கு இருபது பந்து. பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், கச்சிதமாக விழுந்தது. கோலிக்குத் தனிப் பயிற்சியாளர் உண்டு, சனிக்கிழமைதோறும் வருவார் என்றார்கள். நாத்தனார் எழில்மொழியின் வீடு நடக்கிற தூரத்தில் இருந்தது. மே மாதம் முதல் வாரத்தில் சுடர்விழியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நிம்மதியாகக் கோடை நெல்லைப் பார்க்க உட்கார்ந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மகளிடமிருந்து போன் வந்தது.

"எப்படிடி போவுது?"

"நல்லாத்தான் இருக்கும்மா."

"கண்ணு?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அவங்க மேல தப்பு இல்லம்மா. மத்த நாள்ல நாங்க கோலிங்க பந்து பொறுக்கிப் போடுறோம். சனிக்கிழமை சார் வந்து பக்கத்துல நின்னு வேகமா அடிக்கிறாரு. பயப்படாதே, பயப்படாதேங்கறாரு. அவரு சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணு இன்னும் இறுக்கி மூடிக்குது. எனக்கு வராதும்மா. நான் விட்டுர்றேன். பரிதி சார் வேற யாரையாவது போட்டுக்கட்டும்."

அழுகிற பிள்ளையைத் தேற்றலாம், ஆனால் விட்டுவிடுகிறேன் என்கிற பிள்ளையை என்ன செய்வது? கையுறையோடு தூங்கின பிள்ளை அல்லவா!

மறுநாள் நிலையத்தில் அவள் குத்திய குத்தில் சாக்கு கிழிந்தது. மூட்டை தூக்குகிற பக்கிரி அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கூத்தாநல்லூர்ப் பக்கத்துக்காரர். "ஏந்தங்கச்சி, நெல்லு மேல என்ன கோவம்?" என்று கேட்டார். கேட்க ஆள் கிடைத்ததும் அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். கடைசியில், "உங்க ஊரு கேம்ப்பையும் போய்ப் பாத்தேண்ணே. எட்டரை மணிக்கு வாத்திச்சி வீட்டுல இருக்காங்க, பிள்ளைங்க மரத்தடியில படுத்துக் கெடக்குது" என்றாள்.

"ஹஃப்ஸாவா? அந்தப் பொண்ணு விடியறதுக்கு முன்ன வந்து கோடு போடுமே! நீ என்னைக்குப் போன?"

"வெள்ளிக்கிழமை."

பக்கிரி தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "அடப்பாவமே! ஜும்மா தொழுகை நாளு, அந்த ஊருல பாதிக் கடையே தொறக்காது. அன்னைக்கு எட்டு மணியோட விட்டுருவாங்க. வண்டிக்குக் காத்திருக்கிற பிள்ளைங்களைத்தான் நீ பாத்திருக்க. நல்ல நாளு பாத்துப் போனியாக்கும்?"

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நெனச்சுட்டேண்ணே."

"சோத்துக்கு அது சரி. நெல்லுக்கு? நீதான எங்களை அடி மூட்டை, நடு மூட்டைன்னு உசுரை வாங்குவ. அங்க ஒரு மூட்டைதான் குத்துனியா?"

செம்மொழிக்கு முகம் காந்தியது. பதினாறு வருஷமாக விவசாயிகளிடம் படித்த பாடத்தைத் தன் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாள். இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். அங்கே வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் ஊரில் நல்ல நாள் என்பதால் எல்லா ஊரிலும் நல்ல நாள் என்று நினைத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபத்தில்தான் அவளுக்கு வேலை ஓடும். அன்று சாயங்காலமே தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

நாத்தனார் எழில்மொழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "பாதியில அழைச்சிட்டுப் போனா நாலு பேரு என்ன நெனப்பாங்க அண்ணி? பிள்ளையை நான் சரியாப் பாத்துக்கலைன்னு பேச்சு வராதா?"

"பேசுறவங்க ஜூன் மாசம் வந்து கோல்ல நிக்கப் போறாங்களா எழிலு? தப்பு என்னுது. நானே சொல்லிக்கிறேன்" என்றாள் செம்மொழி. மகளோ, "எங்கயும் வரலைம்மா, என்னை விட்டுடும்மா" என்று ஒரே பிடிவாதம். "விட்டுறலாம். செலக்‌ஷன் முடிஞ்ச மறுநாள் நீ சொல்லு, நானே கையுறையைப் பரண்ல போட்டுர்றேன். அதுவரைக்கும் விடமாட்டேன்" என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டாள்.

இந்தத் தடவை திங்கட்கிழமை, காலை ஆறு மணி. மைதானத்தில் கோடு போட்டு முடிந்திருந்தது. முக்காடு கட்டி, விளையாட்டுக் கால்சட்டை போட்ட முப்பது வயதுப் பெண் ஒருத்தி மணல்மேட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விழுந்தால் உறைக்கக் கூடாதாம். செம்மொழி உடனே கிட்டே போகவில்லை. வேலியோரமாக நின்று இரண்டரை மணி நேரம் பார்த்தாள். செவ்வாயும் வந்து நின்றாள், புதனும் வந்து நின்றாள். அடி மூட்டை, நடு மூட்டை, மேல் மூட்டை. அன்றைக்கு அவள் தாயக்கட்டம் என்று நினைத்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு டென்னிஸ் பந்திலும் மையால் ஒரு எண் எழுதியிருந்தது. எறிகிற பந்து கைக்கு வருவதற்குள் கோலி அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். பிடித்தாலும் சரி, விட்டாலும் சரி, எண்ணைச் சொல்லாவிட்டால் கணக்கில் இல்லை. பயப்படாதே என்று ஹஃப்ஸா ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை அவளே வேலியருகே வந்தாள். "அக்கா, நீங்க மூணு நாளா நிக்கிறீங்க. அதுக்கு முன்ன ஒரு வெள்ளிக்கிழமையும் ஸ்கூட்டியில ஒரு அம்மா வந்துட்டுப் போனாங்கன்னு பிள்ளைங்க சொல்லுச்சுங்க. நீங்கதானா அது?"

"நான்தான். அன்னைக்குப் பாத்துட்டு நீங்க சரியில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்."

ஹஃப்ஸா வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு நேராக யாரும் அவளிடம் சொன்னதில்லை போலும். கதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "ஆனா கேம்ப் முடிய இன்னும் பத்து நாள்தான்க்கா இருக்கு. புதுசா ஒரு பிள்ளையைச் சேத்தா அதுக்குப் பந்து எறிய எனக்கு ஆள் இல்ல. அரைகுறையாச் சேத்துக்கிட்டு உங்களை ஏமாத்த மாட்டேன்."

"ஆள்தான் வேணுமா? நான் எறியறேன்."

"உங்களுக்கு வேலை?"

"ஒன்பதரைக்குத்தான். எட்டரை வரைக்கும் என் கை சும்மாதான இருக்கு?"

"வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே விட்டுருவேன், பரவாயில்லையா?" என்று ஹஃப்ஸா கண்ணடித்தாள். செம்மொழி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து தாயும் மகளும் ஐந்தேகாலுக்கே கிளம்பினார்கள். வெட்டாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுகூட நன்றாக விடிந்திருக்காது. முதல் நாள் நாற்பது பந்து எறிந்ததில் சுடர்விழி ஒரு எண்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது நாள் மூன்று. மூன்றாவது நாள் ஒரு பந்து நெற்றியில் பட்டு அவள் அழுதபோது, செம்மொழி அடுத்த பந்தைப் பூப் போடுகிற மாதிரி மெதுவாகப் போட்டாள். எங்கிருந்தோ ஹஃப்ஸாவின் குரல் வந்தது. "அக்கா! உங்க நிலையத்துல ஈர நெல்லுக்கு இப்படித்தான் பாவம் பாப்பீங்களா?" சுருக்கென்று தைத்தது. அடுத்த பந்தை ஓங்கி எறிந்தாள்.

"எட்டு!" என்றாள் சுடர்விழி, அழுகையோடு.

"எட்டா? நல்லாப் பாரு, ஆறு அது."

"எட்டுதாம்மா. போய் எடுத்துப் பாரு."

செம்மொழி போய் எடுத்துப் பார்த்தாள். எட்டுதான். அன்று அவள் நிலையத்துக்குக் கால்மணி நேரம் தாமதமாகப் போனாள், பக்கிரி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நாளும் போனது. கண் முழுக்கச் சரியாகிவிட்டதா என்று ஹஃப்ஸாவிடம் கேட்டதற்கு, "எனக்கும் தெரியாதுக்கா. டென்னிஸ் பந்துக்குத் திறக்குது. பெரிய பந்துக்கு அன்னைக்குத்தான் தெரியும்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். செம்மொழிக்கு அந்தப் பதிலிலேயே பாதி நம்பிக்கை வந்தது, மீதிப் பாதிதான் ராத்திரியெல்லாம் அரித்துக்கொண்டிருந்தது.

பள்ளி திறந்த மறுநாள் சாயங்காலம், பரிதி சார் செலக்‌ஷன் வைத்தார். கோலிக்கு இரண்டு பேர். ஆளுக்கு ஐந்து பந்து. அடிப்பது பத்தாவது படிக்கிற பெண், அவள் உதைத்தால் வலை பிய்ந்துவிடும் என்று பெயர். முதலில் நின்ற பெண் இரண்டைப் பிடித்தாள். சுடர்விழி போய் நின்றாள். ஓரத்தில் நின்ற செம்மொழி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மாரியம்மனை வேண்டிக்கொள்ளலாம் என்று வாயெடுத்தவள், கிழமை என்ன என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

பத்தாவது பெண் ஓடி வந்து உதைத்தாள். பந்து நேரே மூக்கைப் பார்த்து வந்தது.

"நம்பர் இல்ல!" என்று ஒரு கத்தல். சுடர்விழிதான். கத்திக்கொண்டே கையைத் தூக்கினாள். விரலில் பட்ட பந்து மேல்கம்பத்தில் இடித்து உள்ளே விழுந்தது. கோல். மைதானமே சிரித்தது. மாதங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செம்மொழி சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா சொல்லுது உங்க பொண்ணு? பந்துல ஏது நம்பர்?" என்று பரிதி சார் குழம்பிப்போய்க் கேட்டார்.

"இல்லதான் சார். கண்ணை மூடியிருந்தா அது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பரிதி சார் மைதானத்தின் பக்கம் திரும்பி, "அடுத்தது!" என்று விசில் ஊதினார். இரண்டாவது பந்தைச் சுடர்விழி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். மூன்றாவதைத் தட்டிவிட்டாள். நான்காவது போனது, அது யாருக்கும் போயிருக்கும். ஐந்தாவது வரும்போது, இந்தத் தடவை மைதானம் மொத்தமும் சேர்ந்து கத்தியது, "நம்பர் இல்ல!" அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு பாய்ந்தாள்.